கணினி இருக்கிறது, வைஃபை இருக்கிறது, தொடர்பு மட்டும் இல்லை

பள்ளி நாள் இரவுகளில் ஜாசினிலும் அலோர் காஜாவிலும் மெர்லிமாவிலும் நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் குரல் இது: "அம்மா, லேப்டாப்புல லைன் வரலம்மா!" அம்மா தன் கைப்பேசியைப் பார்க்கிறார். அதில் படம் ஓடுகிறது. அப்பா ரூட்டரை அணைத்து மறுபடி போடுகிறார். அண்ணன் கடவுச்சொல்லை இரண்டு மூன்று முறை அடித்துப் பார்க்கிறான். அரை மணி நேரம் போனதும் வீட்டுப்பாடம் கைப்பேசியின் சின்னத் திரைக்கு மாறிவிடுகிறது. மடிக்கணினி அலமாரிக்குப் போகிறது, வார இறுதியில் கடைக்கு. கடையில் "ஃபார்மெட் பண்ணிடலாம்" என்பார்கள், இல்லையென்றால் "பழைய மாடல்ணே, புதுசா வாங்கிடுங்க" என்பார்கள்.

அந்த அரை மணி நேரத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. எதை முதலில் பார்ப்பது, எதைத் தொடாமல் இருப்பது என்று வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருந்தால் போதும். அந்தக் கணினிகளில் பலவும் கடைக்குப் போகவே வேண்டியதில்லை. பால் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தும் சேர்த்த பணம், ஒரு சிறு அமைப்பை மாற்றத் தெரியாததால் செலவாகக் கூடாது.

2020 மார்ச் 18 அன்று கொரோனா பரவலால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது நம் கவலை வேறாக இருந்தது. அப்போது கருவியே இல்லை. அந்த ஆண்டு கல்வி அமைச்சு பெற்றோரிடம் எடுத்த கணக்கெடுப்பில், மாணவர்களில் 36.9 விழுக்காட்டினரிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை என்று தெரிந்தது. மடிக்கணினி வைத்திருந்தவர்கள் ஏறத்தாழ 9 விழுக்காடுதான். சபாவில் ஒரு பல்கலைக்கழக மாணவி தேர்வெழுத மரத்தின் மேல் ஏறித் தங்கிய செய்தி நாட்டையே உலுக்கியது. மலாக்கா தோட்டங்களில் யாரும் மரம் ஏறவில்லை என்றாலும், சிக்னல் கிடைக்கும் மேட்டையும் சாலை முனையையும் தேடிப் போன பிள்ளைகள் இங்கேயும் உண்டு. 2021ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், 500 பள்ளிகளைச் சேர்ந்த 150,000 மாணவர்களுக்குக் கருவி தரும் செர்டிக் திட்டம் 150 மில்லியன் வெள்ளியில் அறிவிக்கப்பட்டது. கண்ணாடியிழையையும் 4ஜி சேவையையும் விரிவாக்க ஜென்டெலா திட்டம் வந்தது. 2021 இறுதியில் 3ஜி சேவை நிறுத்தப்பட்டது. கோயில், சங்கம், முன்னாள் மாணவர்கள் எனப் பலரும் பழைய மடிக்கணினிகளைத் திரட்டிப் பிள்ளைகளிடம் சேர்த்தார்கள். கருவிகள் வந்தன. அவற்றை வீட்டில் இணைத்து வைத்துக்கொள்ளும் அறிவை மட்டும் யாரும் அவற்றோடு கொடுத்தனுப்பவில்லை.

மலாக்காவில் இரண்டு வகை வீடுகள் இருப்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மலாயாவில் வணிக நோக்கோடு முதன்முதலில் ரப்பர் பயிரிட்டது இந்த மாநிலத்தில்தான். 1896இல் டான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கினார், பின்னர் புக்கிட் அசகானில் ஆயிரக்கணக்கான ஏக்கருக்குப் பரப்பினார். அந்தத் தோட்டங்களுக்காக வந்த நம்மவர்களின் பேரப்பிள்ளைகள் பெரும்பாலும் இன்று தாமான்களில், வரிசை வீடுகளில் இருக்கிறார்கள். அங்கே வாசல் வரை கண்ணாடியிழை வருகிறது. தோட்டத்திலேயே தங்கிவிட்டவர்களின் நிலை வேறு. உள்சாலைகள் நிர்வாகத்தின் தனியார் நிலம். கேபிள் போட அனுமதி வேண்டும், மீதமிருக்கும் வீடுகளோ சில. அதனால் அங்கே இணையம் என்றால் கைப்பேசி ஹாட்ஸ்பாட், இல்லையென்றால் சிம் போட்ட ரூட்டர். இரண்டு இடத்திலும் கணினி இணைய மறுக்கிறது. காரணங்கள்தான் வேறு வேறு.

எங்கே அறுந்திருக்கிறது?

மடிக்கணினி இணையத்தை நேராகத் தொடுவதில்லை. கணினியிலிருந்து ரூட்டர் வரை காற்றுவழியில் ஒரு தொடர்பு. ரூட்டரிலிருந்து வெளியுலகுக்கு இழை வழியோ சிம் வழியோ இன்னொரு தொடர்பு. குழாயில் தண்ணீர் வரவில்லையென்றால் கூரைத் தொட்டி காலியா, தொட்டியிலிருந்து வரும் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்கிறோமே, அதே கேள்விதான் இங்கேயும். இதைக் கேட்காமல் ஆரம்பிப்பதால்தான் கணினியில் கோளாறு இருக்கும்போது ரூட்டரைக் குடைகிறோம், ரூட்டரில் கோளாறு இருக்கும்போது கணினியை ஃபார்மெட் செய்கிறோம்.

விடை காண ஒரு கைப்பேசி போதும். ஆனால் முதலில் அதில் மொபைல் டேட்டாவை அணைக்க வேண்டும். இதைச் செய்யாததால்தான் வீடுகளில் குழப்பமே வருகிறது. வைஃபையில் இணையம் வராவிட்டால் கைப்பேசி சத்தமில்லாமல் டேட்டாவுக்கு மாறிவிடும். "என் போன்ல ஓடுதே!" என்று அம்மா சொல்வது உண்மைதான், ஆனால் அது வீட்டு வைஃபையில் ஓடவில்லை. டேட்டாவை அணைத்து, வைஃபையில் மட்டும் இதுவரை திறக்காத ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். திறந்தால் குறை கணினிப் பக்கத்தில். திறக்காவிட்டால் கணினியை மூடி வைத்துவிட்டு ரூட்டரிடம் போகலாம்.

ரூட்டர் பக்கத்தில் முதலில் விளக்குகளைப் பாருங்கள். கண்ணாடியிழை வீட்டுக்குள் வந்து சேரும் சின்னப் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். சுவரிலிருந்து பெட்டிக்கு வரும் மெல்லிய கயிறு அலமாரிக்குப் பின்னால் மடங்கியிருக்கலாம், எலி கடித்திருக்கலாம், துடைக்கும்போது இழுபட்டிருக்கலாம். அது கண்ணாடி, மின்கம்பிபோல் மடக்கக் கூடாது. மடிப்பை நேராக்கியும் சிவப்பு போகவில்லையென்றால் சேவை நிறுவனத்தை அழைப்பதைத் தவிர வழியில்லை. அழைக்கும்போது "எல்.ஓ.எஸ். சிவப்பு" என்று சொன்னால் பாதி விசாரணை குறையும்.

விளக்குகள் சரியாக இருந்தால் இரண்டு பெட்டிகளின் மின்சாரத்தையும் துண்டித்து, ஒரு நிமிடம் காத்திருந்து, முதலில் இழைப் பெட்டியையும் அது நிலைத்த பின் ரூட்டரையும் போடுங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை, இதை வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். ரூட்டரின் பின்புறம் ஊசி நுழையும் அளவில் ரீசெட் என்று ஒரு துளை இருக்கும். அதைக் குத்தக் கூடாது. அணைத்துப் போடுவது வேறு, அந்தத் துளை வேறு. குத்தினால் ரூட்டரில் பதிந்த எல்லாமே அழிந்துவிடும். நம் நாட்டில் பல வீடுகளின் இழைச் சேவைக்கு ரூட்டருக்குள்ளேயே ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உண்டு. அது வைஃபை கடவுச்சொல் அல்ல. இணையம் பொருத்த வந்தவர் பதிந்துவிட்டுப் போனது. அது அழிந்தால் இணையமே வராது. அவற்றை எழுதிய தாளைத் தேடி வீடே அல்லோலப்படும்.

மலாக்காவில் அடிக்கடி வரும் ஒரு காரணமும் உண்டு: இடி. பருவமாற்ற மாதங்களான ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் மாலை இடிமழை இங்கே வழக்கம். நீரிணையைக் கடந்து விடிகாலையில் அடிக்கும் 'சுமத்ரா' காற்றுமழையும் நமக்குப் பழக்கமானதுதான். கண்ணாடியிழை மின்சாரம் கடத்தாது என்பது உண்மை. ஆனால் ரூட்டரும் இழைப் பெட்டியும் சுவர் மின்சாரத்தில் அல்லவா இருக்கின்றன? அந்த வழியில்தான் அடி விழுகிறது. பல நேரம் சாவது அடாப்டர் மட்டும்தான். விளக்கே எரியாத ரூட்டரைத் தூக்கி எறிவதற்கு முன், அடாப்டரின் மேல் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்தும் வேறொன்றை மாட்டிப் பார்க்கலாம். வோல்ட் அதே எண்ணாக இருக்க வேண்டும், ஆம்பியர் குறையக் கூடாது. இடி உறுமத் தொடங்கியதும் இரண்டு பெட்டிகளின் பிளக்கையும் கழற்றிவிடுவது நம் வீடுகளில் தொலைக்காட்சிக்குச் செய்கிற பழைய பழக்கம்தான். ரூட்டருக்கும் செய்யுங்கள்.

கணினி என்ன சொல்கிறது?

கைப்பேசியில் வைஃபை ஓடுகிறது, கணினியில் ஓடவில்லை என்றால், திரையின் வலது கீழ் மூலையில் இருக்கும் சின்னத்தைத் தட்டி வரும் பட்டியலை நிதானமாகப் படியுங்கள். அங்கே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

பட்டியலே இல்லை, வைஃபை என்ற சொல்லே காணவில்லை என்றால் கணினியின் ரேடியோ அணைந்திருக்கிறது, அல்லது அதை இயக்கும் டிரைவர் மென்பொருள் கெட்டிருக்கிறது. விமானப் படம் போட்ட பொத்தான் தட்டுப்பட்டு ஏரோபிளேன் மோட் விழுந்திருக்கலாம். சில பழைய கணினிகளின் விளிம்பில் வைஃபைக்கென்றே தனி விசை உண்டு. அதைத் தம்பி தள்ளிவிட்டிருக்கலாம். இரண்டும் சரியென்றால் ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட் டவுன் செய்து திறப்பது போதாது. விண்டோஸ் 10, 11இல் விரைவாகத் திறப்பதற்காக, ஷட் டவுன் செய்தாலும் பழைய நிலையின் ஒரு பகுதி சேமித்து வைக்கப்படும். முழுவதும் புதிதாகத் தொடங்குவது ரீஸ்டார்ட்தான். "பத்து தடவை ஆஃப் பண்ணிட்டேன்" என்பவர்களின் கணினி ஒரே ஒரு ரீஸ்டார்ட்டில் சரியாவது இதனால்தான்.

அதற்கும் வரவில்லையென்றால் டிரைவரைப் புதிதாக நிறுவ வேண்டும். அதற்கு இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும். இந்த முட்டுச்சந்தில்தான் பலர் கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிறார்கள். வழி சட்டைப்பையிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியை சார்ஜ் செய்யும் யூ.எஸ்.பி. கம்பியால் கணினியோடு இணைத்து, கைப்பேசி அமைப்பில் யூ.எஸ்.பி. டெதரிங் என்பதைப் போட்டால், வைஃபையே இல்லாமல் கணினிக்கு இணையம் வரும். அதை வைத்து, கணினியைச் செய்த நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலுக்கான வைஃபை டிரைவரை இறக்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது நிலை விசித்திரமானது. பட்டியலில் பக்கத்து வீட்டுப் பெயர்கள் எல்லாம் வருகின்றன, நம் வீட்டுப் பெயர் மட்டும் இல்லை. கைப்பேசியோ அதே மேசையில் அதே பெயரில் இணைந்திருக்கிறது. தானமாகக் கிடைத்த பழைய கணினிகளில் நான் அதிகம் சந்தேகிப்பது இதைத்தான். வீட்டு வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் பேசுகிறது: 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். 1985இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் சில அலைவரிசைகளை உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டது. அவற்றில் ஒன்று, மைக்ரோவேவ் அடுப்புகள் ஏற்கெனவே பயன்படுத்திய 2.4. வீட்டு வைஃபை பரவியது அதில்தான். 5 பின்னர்தான் வீடுகளுக்குப் பரவலாக வந்தது. மலிவான பழைய மடிக்கணினிகள் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். ரூட்டரில் 2.4 அணைக்கப்பட்டிருந்தாலோ, 5க்குத் தனிப் பெயர் வைத்து அதை மட்டும் வீட்டில் பயன்படுத்தினாலோ, அந்தக் கணினியின் கண்ணுக்கு அந்த வீட்டில் வைஃபையே கிடையாது. வைஃபை பெயரின் முடிவில் வரும் "5ஜி" கைப்பேசியின் 5ஜி சேவையைக் குறிப்பதல்ல, 5 கிகாஹெர்ட்ஸைத்தான் குறிக்கிறது. ரூட்டரின் அடியில் ஒட்டிய வில்லையில் உள்ள முகவரியை உலாவியில் அடித்து உள்ளே போய் 2.4ஐப் போட்டுவிட்டால் கணினிக்கு உயிர் வந்துவிடும். உள்ளேயிருக்கும் வைஃபை அட்டையே பழுதென்றால், யூ.எஸ்.பி.யில் செருகும் சின்ன வைஃபை அடாப்டர் ஐம்பது வெள்ளிக்குள் கிடைக்கும். புதிய கணினி வாங்கச் சொல்லும் முன் கடைக்காரர் சொல்ல வேண்டியது இதைத்தான்.

பெயர் தெரிகிறது, கடவுச்சொல் கொடுத்ததும் "இணைக்க முடியவில்லை" என்கிறது என்றால், கணினி பழைய கடவுச்சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். ரூட்டர் மாற்றிய வீடுகளில் இது அடிக்கடி நடக்கும். அந்தப் பெயரை மறக்கச் செய்யும் 'ஃபர்கெட்' கட்டளையைக் கொடுத்துவிட்டு மறுபடி சேருங்கள். புதிய ரூட்டர்களில் பாதுகாப்பு முறை டபிள்யூ.பி.ஏ.3 மட்டும் என்று இருந்தால் பழைய கணினிகள் வாசலிலேயே நின்றுவிடும். டபிள்யூ.பி.ஏ.2வும் சேர்ந்த கலப்பு முறைக்கு மாற்றினால் போதும். பாதுகாப்பை முழுக்க எடுத்துவிடுவது மட்டும் வேண்டாம்.

இணைந்துவிட்டது, ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை என்றால் தேதியைப் பாருங்கள். அலமாரியில் பல மாதம் கிடந்த கணினியின் உள்ளேயிருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்து, நாள்காட்டி பல ஆண்டு பின்னால் போயிருக்கும். பாதுகாப்பான தளங்கள் தங்கள் சான்றிதழைத் தேதியோடு ஒப்பிடுகின்றன. தேதி தவறென்றால் திறக்காது. திரையில் பாதுகாப்பு எச்சரிக்கை வந்ததும் வைரஸ் என்று பயந்துவிடுகிறோம். தேதியைச் சரிசெய்தாலே போதும். தேதி சரியாக இருந்தும் வரவில்லையென்றால் கணினியின் ஐ.பி. எண்ணைப் பாருங்கள். அது 169.254 என்று தொடங்கினால், ரூட்டர் அதற்கு முகவரி கொடுக்கவில்லை, கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். ரூட்டரை அணைத்துப் போட்டு, கணினியில் வைஃபையை மறக்கச் செய்து மீண்டும் சேருங்கள். அக்கம்பக்கத்தில் உறவுக்காரர்கள் எல்லாருக்கும் கடவுச்சொல் கொடுத்திருக்கும் வீடு என்றால், ரூட்டரில் எத்தனை கருவிகள் தொங்குகின்றன என்றும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

எல்லாம் செய்தும் ஆகவில்லையென்றால் விண்டோஸ் அமைப்பில் 'நெட்வொர்க் ரீசெட்' என்று ஒன்று உண்டு. அது கணினியில் உள்ள இணைய அமைப்புகளை மட்டும் அழித்துப் புதிதாக்கும். படங்களோ பாடக் குறிப்புகளோ போகாது. பெயர் ஒன்றாக இருந்தாலும் ரூட்டரின் ரீசெட் துளைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஃபார்மெட்டுக்கு முன் இதைச் செய்து பார்ப்பதில் இழப்பு எதுவும் இல்லை.

வீடும் ஒரு காரணம்

நம் வரிசை வீடுகளின் அமைப்பைப் பாருங்கள். இழை வாசல் பக்கம் நுழைகிறது. ரூட்டர் ஹாலில், தொலைக்காட்சிக்குப் பின்னாலோ சாமி மேடைக்கு அடியிலோ உட்கார்ந்துவிடுகிறது. பிள்ளை படிப்பது பின்னறையில். இடையில் செங்கல் சுவர் இரண்டு, குளிர்பெட்டி, சில வீடுகளில் மீன் தொட்டி. அலையைத் தண்ணீர் உறிஞ்சும், உலோகம் திருப்பியடிக்கும். இரும்புக் கிராதி, தகரக் கூரை நீட்டிய சமையலறை எல்லாம் இந்தக் கணக்கில் வரும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டத் திணறும். 2.4 மெதுவானாலும் பின்னறை வரை போய்ச் சேரும். பாடம் படிக்கவும் ஆசிரியருக்குக் கோப்பு அனுப்பவும் அந்த வேகம் தாராளம். ரூட்டரைத் தரையிலிருந்து தூக்கி, திறந்த இடத்தில், ஆள் உயரத்தில் வைத்தாலே பல வீடுகளில் பின்னறைக்கு சிக்னல் போய்விடும்.

தோட்ட வீடுகளின் கதைக்கு வருகிறேன். ஹாட்ஸ்பாட்டில் கணினி சேரவில்லையென்றால் சந்தேகம் முதலில் கைப்பேசி மேல் போக வேண்டும். புதிய கைப்பேசிகளில் ஹாட்ஸ்பாட் 5 கிகாஹெர்ட்ஸில் போடப்பட்டிருக்கலாம். பழைய கணினிக்கு அது தெரியாது. ஆண்ட்ராய்டில் ஹாட்ஸ்பாட் அமைப்பில் அலைவரிசையை 2.4க்கு மாற்றலாம். ஐபோனில் 'மேக்சிமைஸ் காம்பேட்டிபிலிட்டி' என்பதைப் போட வேண்டும். கைப்பேசித் திரை அணைந்ததும் ஹாட்ஸ்பாட் தூங்கிவிடுவதும் உண்டு, எனவே கணினி சேரும் வரை அந்தப் பக்கத்தைத் திறந்தே வைத்திருங்கள். சிம் ரூட்டர் வைத்திருப்பவர்கள் அதைத் தகரக் கூரைக்கு அடியில் நடு ஹாலில் வைக்கக் கூடாது. கோபுரம் இருக்கும் திசை ஜன்னலோரம் வைத்து, விளக்கின் அளவைப் பார்த்து இடம் மாற்றிக்கொண்டே போங்கள். அப்படியும் சிக்னல் இல்லாத லயங்கள் இருக்கின்றன. அவற்றுக்குக் கணினி அறிவு விடையல்ல, அனுமதியும் கேபிளும்தான் விடை. தோட்ட நிர்வாகங்களிடம் அதைக் கேட்க வேண்டியவர்கள் சட்டமன்ற உறுப்பினர்கள். தேர்தல் நேரத்தில் மட்டும் கேட்டால் போதாது.

மற்றதெல்லாம் நாமே செய்துகொள்ளக்கூடியவை. மலாக்காவில் இருபதுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கம் இருக்கிறது. டுரியான் துங்கலில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், புக்கிட் பெருவாங்கில் பல்லூடகப் பல்கலைக்கழகம். இரண்டிலும் நம் மாணவர்கள் படிக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை காலை, பள்ளி மண்டபத்திலோ கோயில் மண்டபத்திலோ, "லைன் வராத லேப்டாப்பைக் கொண்டு வாங்க" என்று ஓர் அறிவிப்பு போட்டால் போதும். கற்றுக்கொடுக்க வேண்டியது பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, அம்மாக்களுக்குத்தான் முதலில். கணினி இணையாத இரவில் வீட்டில் இருப்பவர்கள் அவர்கள்தான். தமிழில் ஒரு பக்கத் தாள் அச்சடித்து ரூட்டருக்குப் பக்கத்தில் ஒட்டலாம். வைஃபை பெயர், கடவுச்சொல், சேவை நிறுவனத்தின் பயனர் பெயர், கணக்கு எண், எதைக் குத்தக் கூடாது என்பது. அவ்வளவுதான்.

கடைக்குப் போகவே வேண்டிய நாளும் வரும். அப்போது இரண்டைக் கேளுங்கள். யூ.எஸ்.பி. வைஃபை அடாப்டர் ஒன்றைச் செருகிப் பார்த்தீர்களா? ஃபார்மெட்டுக்கு முன் கோப்புகளை நகலெடுத்துவிட்டீர்களா? விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது என்று காரணம் சொல்லிப் புதிய கணினியை நீட்டினால், அதனால் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நிற்குமே தவிர வைஃபை நிற்காது என்று சொல்லுங்கள். கணினியை வேறு வழிகளில் எவ்வளவு காலம் பாதுகாப்பாக ஓட்டலாம் என்பதைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம். எஸ்.பி.எம். எழுதும் பிள்ளையின் ஆய்வுக் கோப்புகள் அந்தக் கணினியில் இருந்தால், நகல் எடுத்ததை உங்கள் கண்ணால் பார்த்த பிறகு கணினியைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.